கைபேசிச் சத்தத்துக்கு எலி ஓடாது

"இந்தச் செயலியை இரவில் ஓடவிடுங்கள், மனிதக் காதுக்குக் கேட்காத சத்தத்தில் வீட்டு எலிகள் எல்லாம் ஓடிவிடும்" என்று ஒரு தகவல் வன்னி வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது உண்மையில்லை.

சுண்டெலிக்கு 80 கிலோஹேர்ட்ஸ் (ஒலியின் அதிர்வை அளக்கும் அலகு) வரைக்கும் கேட்கும். சாதாரணக் கைபேசியின் ஒலிபெருக்கி, மனிதக் காதின் எல்லையான 20 கிலோஹேர்ட்ஸைத் தாண்டவே திணறும். சரி, இதற்கென்றே விற்கும் மின்கருவிகள்? 2001இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம், அவற்றைச் செய்து விற்ற 60க்கும் மேற்பட்ட நிறுவனங்களை, அறிவியல் ஆதாரமில்லாமல் பலன் சொல்லக்கூடாது என்று எச்சரித்தது. ஆணையத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம். எலியும் சத்தத்துக்குப் பழகிவிடும்.

காலபோக நெல்லை வீட்டுக்குள் அடுக்கியிருப்பவர்கள் இதை நம்பிச் சும்மா இருந்துவிடுவார்களோ என்பதுதான் என் கவலை. சுண்டெலி நுழைய 6 மில்லிமீற்றர் இடைவெளியே போதும். ஓட்டைகளில் இரும்புக் கம்பிநாரைத் திணித்துச் சீமெந்து பூசுங்கள். மூட்டைகளைச் சுவரிலிருந்து தள்ளி, பலகைமேல் வையுங்கள். பொறியைச் சுவரோரமாக வைக்க வேண்டும். தேங்காய்ச் சொட்டோ சுட்ட கருவாடோ போதும். அப்புறம், எலிப் புழுக்கையைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள், கிருமிநீக்கி தெளித்து நனைத்துத் துடையுங்கள்.

அந்தத் தகவலைத் தயவுசெய்து இனிப் பகிராதீர்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள்.