மாமி அவித்த புட்டு

எங்கள் மட்டக்களப்புப் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்குக் கல்யாணம் என்றால் சீதனமாக ஒரு வீடு கொடுக்க வேண்டும். முன்பு அதை அப்பாவும் அண்ணன்மாரும் உழைத்துக் கட்டினார்கள். இப்போது எத்தனையோ வீடுகளை அம்மாமார் சவூதி, குவைத் என்று போய்க் கட்டுகிறார்கள். இரண்டு வருட ஒப்பந்தத்தில் சுவர் எழும்பும். ஓடு போட இன்னொரு இரண்டு வருடம்.

பெண் உழைக்கத் தொடங்கினால் வீட்டில் எல்லாம் மாறிவிடும் என்கிறார்கள். நான் பார்த்த வரையில் அப்படி இல்லை. உழைப்பு அவள் கைக்கு வந்தது, சரி. அவள் விட்டுப்போன அடுப்படி அம்மம்மாவிடம் போகிறது, இல்லையென்றால் பள்ளிக்கூடம் போகிற மூத்த மகளிடம். புருஷன் கைக்கு வருவது அபூர்வம்.

எங்கள் ஒழுங்கையில் ஒருவர் செய்தார். மனைவி குவைத்தில் இருந்த 4 வருடமும் விடியமுன் எழும்பிப் புட்டு அவிப்பார். சின்னவளுக்கு இரட்டைப் பின்னல் பின்னி ரிப்பன் கட்டுவார். வாசலில் வைத்துப் பின்னமாட்டார். உள்அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. வெளிச்சம் போதாமல் வகிடு கோணிப் போயிருக்கும். யாராவது கேட்டால், "மாமி வந்து சமைச்சவ" என்பார். மாமி வந்ததே இல்லை. "பொஞ்சாதி உழைப்பில சாப்பிடுறவன்" என்று சந்தியில் பேசியவர்களுக்குப் பயந்து அந்த மனிதர் செய்த நல்ல காரியத்தை ஒளித்துச் செய்தார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அரசாங்கமும் அதே கண்ணால்தான் பார்த்தது. வீட்டு வேலைக்குப் போன மூதூர் ரிசானா நபீக்கின் தலை, பார்த்துக்கொண்ட குழந்தையைக் கொன்றாள் என்ற குற்றச்சாட்டில், சவூதியில் வெட்டப்பட்டது 2013 ஜனவரியில். 2005இல் வயதைக் கூட்டிப் போட்டு அனுப்பப்பட்ட பிள்ளை. போகிற பெண்களுக்குப் பாதுகாப்பு கட்டாயம் வேண்டும். ஆனால் வெளிநாடு போகிற பெண்களிடம் அரசாங்கம் கேட்கிற பத்திரமாக அதே வருடம் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகக்கூடாது என்றது. கட்டாருக்குக் கட்டட வேலைக்குப் போகிற தகப்பனிடம் பிள்ளையை யார் பார்ப்பது என்று ஒரு படிவமும் கேட்கவில்லை. 2022இல்தான் அதைத் தளர்த்தினார்கள்.

அந்த மனைவி திரும்பி வந்த மறுநாள் பார்க்கப் போயிருந்தேன். அவர் விறாந்தையில் நாலைந்து பேரோடு இருந்தார். குசினிக்குள் இருந்து அவள் சத்தமாகக் கேட்டாள்: "உப்பை எங்க வச்சிருக்கிறீங்க?"

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. அப்புறம் அவர் எழும்பினார். "மேல்தட்டில, தேயிலை டின்னுக்குப் பின்னால" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.