பிள்ளைத்தாய்ச்சியிடம் ‘இன்னையோட விட்டுடு’ என்று சொல்லாதீர்கள்

ஹெரோயின் பழகிய பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தால் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சுதான்: “வயித்துப் பிள்ளைக்காகவாவது இன்னையோட விட்டுத் தொலையேம்மா.” நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் மருந்தில்லாமல் திடீரென்று விட்டால் வாந்தி, பேதி, நடுக்கம் எல்லாம் தாயோடு நிற்காது, உள்ளே இருக்கும் பிள்ளையையும் உலுக்கும். அதைவிட ஆபத்து, நிறையப் பேர் சில வாரத்தில் மறுபடியும் தொட்டுவிடுகிறார்கள். அதற்குள் உடம்பின் தாங்குசக்தி இறங்கியிருக்கும். பழைய அளவைப் போட்டால் மூச்சு நின்றுவிடும்.

இதற்குத்தான் மெத்தடோன், ஹெரோயினுக்குப் பதிலாகத் தினமும் கொடுக்கும் மருந்து. மலேசியாவில் 2005-இல் தொடங்கியது. கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார நிலையத்தில் வழக்கமாக ஊழியர் கண்ணெதிரே சிரப்பாகக் குடிக்க வேண்டும். “ஒரு போதைக்கு இன்னொரு போதையா?” என்கிறார்கள். ஹெரோயின் சில மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடும், ஒவ்வொரு இறக்கத்திலும் கருவும் தவிக்கும். மெத்தடோன் ஒரு நாள் முழுக்க ஒரே சீராக நிற்கும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் பிள்ளைக்கு அதுதான் எல்லாம். (சியாபு என்ற மெத்தம்ஃபெட்டமின் வேறு வகைப் போதை, அதற்கு மெத்தடோன் வேலை செய்யாது.)

வழக்கமாக முதல் நாள் 10 முதல் 30 மில்லிகிராம். பிறகு சில நாளுக்கு ஒருமுறை 5 அல்லது 10 கூட்டுவார்கள். ரத்தத்தில் சேர்ந்து நிலைக்க ஐந்து நாளாவது ஆகும். அதனால் “பத்தலையே” என்று முதல் வாரத்தில் அவசரப்பட்டு மேலே சம்சு சாராயமோ தூக்க மாத்திரையோ போட்டால் உயிர் போகும். குடித்ததும் ஓடாமல் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். மசக்கையில் வாந்தி எடுத்தால் மிஸி (நர்ஸ்) பார்த்திருக்க வேண்டும்; பார்க்காத வாந்திக்கு மறுபடி ஊற்றமாட்டார்கள். மூன்று நாள் தொடர்ந்து விட்டுப்போனால் பழைய அளவையே கேட்காதீர்கள், குறைத்துத்தான் தொடங்க வேண்டும்.

எல்லாரும் தடுமாறும் இடம் ஏழாம் மாதத்துக்கு மேல். ரத்தத்தின் அளவு கூடுகிறது, ஈரலும் மருந்தை வேகமாகக் கரைக்கிறது. காலையில் குடித்தது சாயங்காலமே தீர்ந்து வியர்வையும் கொட்டாவியும் வரும். உடனே மாமியார், “பார், இன்னும் திருந்தல” என்பார். திருந்தாததல்ல, அளவு போதவில்லை! டாக்டரிடம் சொன்னால் அளவைக் கூட்டுவார், அல்லது காலை, மாலை என்று இரண்டாகப் பிரிப்பார். பிரசவம் நெருங்குகிறதே என்று தாங்களாகவே குறைப்பவர்கள்தான் மறுபடி ஹெரோயினில் விழுகிறார்கள்.

மெத்தடோனுக்குப் பதிலாகத் தரும் புப்ரெனார்ஃபினும் நல்ல மருந்துதான். ஆனால் ஹெரோயின் உடம்பில் இருக்கும்போதே போட்டால் அதைத் தள்ளிவிட்டுத் தானே உட்கார்ந்து கடும் வேதனையைக் கிளப்பும். அதனால் 12 மணி நேரமாவது காத்திருந்து, கைகால் குடைச்சல் தொடங்கிய பிறகே முதல் மாத்திரை.

பிரசவ அறையில் மெத்தடோனை மறைக்காதீர்கள். அன்றைக்கும் குடிக்க வேண்டும். அது வலி மருந்தின் வேலையைச் செய்யாது, அதைத் தனியாகக் கேட்க வேண்டும். நால்புஃபின் என்ற வலி ஊசி மட்டும் கூடாது, போட்ட சில நிமிடத்தில் போதையை விட்டதுபோன்ற வேதனை வெடிக்கும்.

தாய் வழியாக வந்த மருந்து பிறந்ததும் நின்றுவிடுவதால் பிள்ளைக்கு நடுக்கமும் கீச்சென்ற அழுகையும் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளுக்குள் தொடங்கும். அதனால் ஐந்து நாளாவது ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பது நல்லது. தாய்க்கு டாக்டர் மெத்தடோன் அளவைக் கூட்டியதால் பிள்ளைக்கு வேதனை கூடும் என்பது உறுதியான கணக்கல்ல. பிள்ளையை அடக்க முதலில் மங்கலான வெளிச்சம், இறுக்கமில்லாத துணிச்சுற்று, மார்போடு அணைப்பு, தாய்ப்பால். அடங்காவிட்டால் டாக்டர் வாய்வழி மார்ஃபின் சொட்டுகள் கொடுப்பார். எச்.ஐ.வி. இல்லாமல், தெருச்சரக்கும் தொடாமல் மெத்தடோனில் நிலையாக இருப்பவர் தாராளமாகப் பால் கொடுக்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பிள்ளை அழுதால் ஓமத்தண்ணியை எடுக்காதீர்கள், பாட்டிமார்களே. தும்மலும் பேதியும் பால் குடிக்க மறுப்பதும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். தாய்க்கு மெத்தடோன் போத்தலை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் பூட்டிய பெட்டியில்தான் வையுங்கள். நடக்கிற பிள்ளை ஒரு மடக்கு குடித்தாலே உயிர் போய்விடும்.