தொக்கு

பெரியம்மா: அந்த போனை மூஞ்சிக்கு நேரா நீட்டாத. கையெல்லாம் மாங்கா பாலு. வாயால சொல்லு.

பாங்காக்: (போன வாரத்திலிருந்து காவேரிப்பட்டணம் பக்கம் இவனுக்கு இதுதான் பேர்) மூணு ராத்திரி, நாலு பகல் பெரியம்மா. ஒரு இடம் பாக்கி வெக்கல.

பெரியம்மா: என்னென்ன பாத்த?

பாங்காக்: வாட் போ.

பெரியம்மா: ஏண்டா, நாலு நாள் வெளிநாடு போயிட்டு வந்தா நான் உனக்கு வா, போ ஆயிட்டேனா?

பாங்காக்: ஐயோ, அது கோயில் பேரு. வாட்டுன்னா கோயிலு. உள்ள புத்தர் படுத்திருக்காரு. 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம்.

பெரியம்மா: படுத்திருக்கறவருக்கு ஏதுடா உயரம்?

பாங்காக்: படுத்த வாக்குலயே அவ்ளோ உயரம்!

பெரியம்மா: உள்ளங்கால்ல முத்துச்சிப்பி பதிச்சு 108 சின்னம் போட்டிருக்குதாமே. டிவியில காட்டினான். நேர்ல எப்படி இருந்துச்சு?

பாங்காக்: கால் பக்கம் போறதுக்குள்ள கைடு கொடியை ஆட்டிட்டாரு. இருபது நிமிஷம்தான் குடுத்தாங்க. தலையோட ஒரு செல்ஃபி எடுத்துக்கிட்டேன்.

பெரியம்மா: அப்புறம்?

பாங்காக்: அப்புறம் நவரத்தினக் கல்லுக்கடை. அங்க ரெண்டரை மணி நேரம்.

பெரியம்மா: சாமிக்கு இருபது நிமிஷம், கல்லுக்கடைக்கு ரெண்டரை மணி நேரமா?

பாங்காக்: எல்லாரும் பாத்து முடிச்சாத்தான் பஸ்ஸு கிளம்பும்னுட்டாங்க.

பெரியம்மா: நீ ஏதாச்சும் வாங்கினியா?

பாங்காக்: இல்ல.

பெரியம்மா: அதான் கிளம்பல.

(இப்படி ஒரு கல்லுக்கடையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். மோதிரம் வேண்டாம் என்றதும் மாலை காட்டுவார்கள். மாலையும் வேண்டாம் என்றால், நம் பெண்டாட்டியைப் பார்த்துச் சிரிப்பார்கள்.)

பெரியம்மா: சீலோமுன்னு ஒரு இடத்துல மாரியம்மன் கோயில் இருக்குதே. அந்தக் காலத்துல நம்ம சனங்க போய்க் கட்டினது. அங்க போனியா?

பாங்காக்: அது பேக்கேஜ்ல இல்ல.

பெரியம்மா: ஆத்துல படகு?

பாங்காக்: அது உண்டு! சாவோ பிரயா ஆறு. ரெண்டு கரையிலும் லைட்டு, பாட்டு, டான்ஸு. பனீர் பட்டர் மசாலா, சப்பாத்தி, குலாப் ஜாமூன்.

பெரியம்மா: இது ஓசூர் ரோட்டு தாபாவுலயே கிடைக்குமே. அந்த ஊர்க்காரங்க என்னாதான் திங்கறாங்க?

பாங்காக்: தெருவுல பப்பாளிக்காயைச் சீவி, உரல்ல மிளகா, பூண்டு, எலுமிச்சம்பழம், வேர்க்கடலை எல்லாம் போட்டு இடிச்சுக் குடுக்கறாங்க. வாசனை ஆளைத் தூக்குது.

பெரியம்மா: தின்னியா?

பாங்காக்: பேக்கேஜ்ல இல்ல.

பெரியம்மா: பேக்கேஜ்ல மூச்சு விடறது இருந்துச்சா?

பாங்காக்: ஒண்ணே ஒண்ணு மட்டும் கைக்காசு போட்டுச் சாப்பிட்டேன். மாம்பழச் சோறு.

பெரியம்மா: (கை நிற்கிறது) என்னா சோறு?

பாங்காக்: மாம்பழம். அந்த ரகத்துப் பேரு நாம் தோக் மாய்.

பெரியம்மா: தொக்கா?

பாங்காக்: தொக்கு இல்ல, தோக். பூத்தண்ணின்னு அர்த்தமாம்.

பெரியம்மா: தொக்குல என்னாத்துக்குடா பூத்தண்ணி? கடுகு, வெந்தயம் போடலையா?

பாங்காக்: தாளிக்கவே மாட்டாங்க. ஒட்டுற அரிசியை ஊற வெச்சு, ஆவியில வேக வெச்சு, தேங்காப்பாலு, சக்கரை, உப்பு போட்டுக் கிளறுவாங்க. பக்கத்துல பழத்தை அரிஞ்சு வெச்சு, மேல வறுத்த பாசிப்பருப்பு தூவுவாங்க. களி மாதிரி கையில ஒட்டும்.

பெரியம்மா: சரி, இதுல தொக்கை எங்க வெப்பாங்க?

பாங்காக்: தொக்கே கிடையாது பெரியம்மா!

பெரியம்மா: அப்ப ஏண்டா தொக்குன்ன? எவ்வளவு?

பாங்காக்: நூத்தம்பது பாட்.

பெரியம்மா: பாட்டெல்லாம் அப்புறம் பாடு. எவ்வளவு காசு?

பாங்காக்: நம்ம காசுல... நானூறு கிட்ட.

பெரியம்மா: எத்தனை பழம்?

பாங்காக்: ஒண்ணு.

பெரியம்மா: முழுசா?

பாங்காக்: முக்கா.

பெரியம்மா: (கூடையைக் காலால் தள்ளிவிட்டு) போன வாரம் மாங்கூழ் பேக்டரிக்கு கிளிமூக்கு ஏத்திக்கிட்டுப் போனோம். ரெண்டு நாள் வரிசையில நின்னுச்சு வண்டி. அடியில இருந்தது வெந்துபோச்சு. கிலோ அஞ்சு ரூவாய்னு சொன்னான், இஷ்டம் இருந்தா இறக்கு, இல்லாட்டி திருப்பிக்கிட்டுப் போன்னான். எம்பது கிலோ போட்டாத்தான் எனக்கு அந்த நானூறு. அதுல பறிக்கற கூலி, வண்டி வாடகை போனா, கையில நின்னது இந்தப் பாலு. நீ என்னடான்னா கிருஷ்ணகிரிக்காரன், ஏரோப்ளேன் ஏறிப் போயி முக்கா மாம்பழம் தின்னுட்டு வந்து, என் திண்ணையிலயே உக்காந்து போட்டோ காட்டற.

பாங்காக்: (கொஞ்ச நேரம் கழித்து) இருந்தாலும் அது டேஸ்டு வேற, பெரியம்மா.

பெரியம்மா: இருக்கும், இருக்கும். தொக்கு போட்டிருக்காங்கல்ல.

பாங்காக்: உனக்கு ஒண்ணு வாங்கியாந்திருக்கேன். இந்தா.

பெரியம்மா: என்னாது இது, புளி?

பாங்காக்: தாய்லாந்து புளி.

பெரியம்மா: இங்கிருந்து தர்மபுரி வரைக்கும், ரோடு போடறதுக்கு வெட்டினது போக மிச்சம் நிக்குதே, அதெல்லாம் என்னா மரம்டா?

பாங்காக்: இது இனிக்கும்.

பெரியம்மா: இனிச்சா அதுக்குப் புளின்னு ஏன் பேரு? ரசத்துக்கு ஆவுமா?

பாங்காக்: ஆவாது. சும்மா ஓட்டை உடைச்சுத் திங்கலாம்.

பெரியம்மா: எங்க வாங்கின?

பாங்காக்: கல்லுக்கடையிலதான். பஸ்ஸு கிளம்பற வரைக்கும் பொழுது போவல.

பெரியம்மா: எவ்வளவு?

பாங்காக்: இப்படி நகரு பெரியம்மா. அழுகலை நான் பிரிக்கறேன்.