கதவு திறந்தபோது ரிமோட் அண்ணன் கையில் இருந்தது

எட்டு முறை பார்த்தாகிவிட்டது. ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப் ராக்கெட்டைக் கீழிருந்து தள்ளிவிடும் அந்த பூஸ்டர் மெக்சிகோ வளைகுடாவின் தண்ணீருக்கு மேல் ஒரு கணம் நின்று, என்ஜின் அணைந்து, தொப்பென்று கடலில் விழுவதை எட்டு முறை பார்த்தாகிவிட்டது. எட்டு முறையும் "அதை வேண்டுமென்றேதான் கடலில் இறக்கினார்கள்" என்று சொன்னேன். எட்டு முறையும் ரிமோட்டைப் பிடித்திருந்த அண்ணன், "மனதைத் தேற்றிக்கொள் தம்பி, போய்விட்டது" என்றார்.

நண்பனின் அண்ணன். வீடு அவருடையது, பெரிய தொலைக்காட்சி அவருடையது, வயதில் மூத்தவர். வாயை மூடுங்கள் என்று எப்படிச் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றும் தாடை வலிக்கிறது.

ஸ்டார்ஷிப்பின் பத்தாவது சோதனைப் பயணம் அது. முதலில் டெக்சாஸ் நேரப்படி 2025 ஆகஸ்ட் 24 என்றார்கள். தரைக் கருவிகளில் கோளாறு, தள்ளிப்போட்டார்கள். 25 என்றார்கள், வானிலை கெடுத்தது, மறுபடியும் தள்ளிப்போட்டார்கள். இரண்டு நாளும் கடிகாரத்தைப் பார்த்துக் கண்ணைக் கசக்கியவன் நான். அந்த இரண்டு நாளும் அண்ணன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள், 26 மாலை ராக்கெட் கிளம்புகிறது என்று உறுதியான பிறகு வந்து நடுச் சோபாவில் அமர்ந்து ரிமோட்டை எடுத்துக்கொண்டார்.

நான் எதற்காகக் காத்திருந்தேன் என்று தெரிந்தால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். பூஸ்டருக்காக அல்ல. ஒரு கதவுக்காக. பூஸ்டர் பிரிந்த பிறகு மேலே போகிற மேல்பகுதிக்குக் கப்பல் என்று பெயர், அதன் பக்கவாட்டில் உண்டியல் வாய் மாதிரி குறுகலாக ஒரு கதவு இருக்கிறது. உள்ளே தட்டுகளைப் போல அடுக்கி வைத்த மாதிரிச் செயற்கைக்கோள்களை ஒவ்வொன்றாக அந்த வாய் வழியாக வெளியே தள்ள வேண்டும். 2025 ஜனவரி 16 அன்று ஏழாவது பயணத்தில் அதைச் செய்து பார்க்க இருந்தார்கள். அதற்கு முன்பே கப்பல் சிதறியது. மார்ச் 6 அன்று எட்டாவது பயணம். மறுபடியும் அதே கதி. மே 27 அன்று ஒன்பதாவதில் கப்பல் விண்வெளிக்குப் போய்ச் சேர்ந்தது, கதவு முழுதாகத் திறக்கவில்லை. ஜூன் 18 அன்று அடுத்த பயணத்துக்கு என்று வைத்திருந்த கப்பல் தரையிலேயே, சோதனை மேடையிலேயே வெடித்தது. ஏழு மாதம் ஒரு கதவு திறப்பதற்காக ஒருவன் காத்துக் கிடந்திருக்கிறான், ஐயா!

சரி, பூஸ்டர் கடலில் விழுந்த அந்த ஏழாவது நிமிடத்துக்கு வருகிறேன்.

33 ராப்டர் என்ஜின்களும் கொளுந்துவிட்டு எரிய ராக்கெட் கிளம்பியது. ஏறும்போதே ஒரு என்ஜின் அணைந்தது. மீதி 32 இழுத்துக்கொண்டு போயின. பூஸ்டர் பிரிந்தது, திரும்பியது, வளைகுடாவை நோக்கி இறங்கியது. இந்தப் பயணத்தில் அதை ஏவுதளக் கோபுரத்தின் இயந்திரக் கைகளால் பிடிக்கப்போவதில்லை என்பதை முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள். இறங்கும்போது நடுவில் உள்ள மூன்று என்ஜின்களில் ஒன்றை வேண்டுமென்றே இயக்காமல் விட்டு, அடுத்த வளையத்திலிருந்து ஒன்றை மாற்றாக எரித்துப் பார்ப்பதுதான் திட்டம். கோபுரத்தை நெருங்கும் நேரத்தில் உண்மையிலேயே ஓர் என்ஜின் கைவிட்டால் என்ன ஆகும் என்று யாராவது தெரிந்துகொள்ள வேண்டாமா? அதைக் கோபுரத்தின் பக்கத்தில் வைத்தா சோதிப்பார்கள்? ஆளில்லாத கடல்தானே அதற்கு இடம்? பூஸ்டர் சொன்னபடி இறங்கியது, சொன்னபடி நீருக்கு மேல் நின்றது, சொன்னபடி விழுந்தது. நான் எழுந்து நின்று கைதட்டினேன்.

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "பிடிக்கவில்லையே!"

2024 அக்டோபர் 13 அன்று அந்தக் கோபுரம் முதன்முறையாக பூஸ்டரைக் காற்றிலேயே பிடித்ததிலிருந்து இந்தத் தொல்லைதான். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு ராக்கெட் என்றால் அந்தப் பிடிதான். பிடித்தால் வெற்றி, பிடிக்காவிட்டால் தோல்வி, அதோடு எழுந்து போய்விடுவார்கள். மேலே கப்பல் பாதி உலகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். இவர்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார்கள். அண்ணன் எழுந்து போயிருந்தால்கூட நான் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். போகவில்லை. பூஸ்டர் தோற்றுவிட்டது என்று எனக்கு நிரூபித்தே தீருவது என்று நேரலையைப் பின்னால் ஓட்டினார்.

ஓட்டி, நிறுத்தி, "பார், சாய்கிறது" என்றார். சாய்கிறது அண்ணா, கடலில் விழுகிற பொருள் சாயத்தான் செய்யும். மறுபடியும் ஓட்டினார். "பார், ஓர் என்ஜின் எரியவில்லை." அதைத்தானே அண்ணா இவ்வளவு நேரமாகச் சொல்கிறேன், எரிய விடவில்லை. மறுபடியும் ஓட்டினார். இடையில் சித்தப்பா உள்ளே வந்தார். அவருக்காக ஒரு முறை முதலிலிருந்து. தேநீர் வந்தது, தேநீர் கொண்டுவந்தவருக்காக இன்னொரு முறை. என் கைப்பேசியில் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பன்னிரண்டு. பதினைந்து. "அண்ணா, நேரலைக்குப் போங்கள், கதவு திறக்கப்போகிறது" என்றேன். "இரு, இதை ஒரு தடவை பார்" என்றார். பதினெட்டு. "அண்ணா!" என்றேன். குரல் உடைந்துவிட்டது, அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. திரையில் பூஸ்டர் எட்டாவது முறையாக விழுந்துகொண்டிருந்தது. அதே நேரத்தில் விண்வெளியில் அந்த உண்டியல் வாய் திறந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு மாதிரிகளும் ஒவ்வொன்றாக வெளியேறிக்கொண்டிருந்தன.

நேரலைக்குத் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது.

"அதனால் என்ன, பதிவு இருக்குமே, பிறகு பார்த்துக்கொள்" என்றார். பார்த்தேன். மறுநாள் பார்த்தேன். கதவு திறக்கும் என்று தெரிந்துகொண்டு பார்த்தேன். திறக்குமா, இந்த முறையும் சிக்கிக்கொள்ளுமா என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தச் சில நொடிகளை எந்தப் பதிவு திருப்பித் தரும்?

அண்ணன் ஒரு வகை என்றால் தரையில் உட்கார்ந்திருந்த அவர் மகன் இன்னொரு வகை. அவனுக்கு எல்லாமே திட்டமிட்டதுதான். கப்பல் வளிமண்டலத்துக்குள் நுழைகிறது, அடிப்பகுதியில் என்ஜின்களைச் சுற்றியுள்ள உறையில் ஏதோ வெடித்துத் துண்டுகள் பறக்கின்றன, இறக்கை போன்ற மடல் ஒன்று ஓரத்தில் எரிந்து கரைகிறது. எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அவன் அமைதியாக, "இதுவும் திட்டம்தான் மாமா" என்றான். கிடையாது! வெப்பத்தைத் தாங்கும் ஓடுகளில் சிலவற்றை வேண்டுமென்றே கழற்றி அனுப்பியது திட்டம். சில இடங்களில் உலோக ஓடுகளைப் பொருத்திப் பார்த்தது திட்டம். அவை துருவேறித்தான் கப்பல் ஆரஞ்சு நிறமாகக் கடலுக்கு வந்தது. அடியில் வெடித்தது யாருடைய திட்டத்திலும் இல்லை. தகப்பனுக்குத் திட்டமிட்டது தோல்வியாகத் தெரிகிறது, மகனுக்கு எதிர்பாராதது திட்டமாகத் தெரிகிறது. திரையில் நடப்பதை இருவருமே பார்க்கவில்லை.

அவன் கைப்பேசியின் முகப்புப் படத்தையும் சொல்லியாக வேண்டும். ஜனவரியில் சிதறிய கப்பலின் துண்டுகள் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டர்க்ஸ் கைகோஸ் தீவுகளுக்கு மேலே வானத்தில் தீக்கோடுகளாகப் போன படம். "என்ன ஒரு வாணவேடிக்கை!" என்கிறான். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பறந்துகொண்டிருந்த விமானங்களைத் திசைதிருப்ப வேண்டியிருந்தது. உள்ளே மனிதர்கள் இருந்தார்கள். கீழே தீவில் ஆட்கள் துண்டுகளைப் பொறுக்கினார்கள். 2023 ஏப்ரல் 20 அன்று முதல் பயணம் நான்கு நிமிடத்தில் வெடித்துச் சிதறியபோது கைதட்டினார்கள், அது எனக்குப் புரிகிறது. ஏவுதளத்தைத் தாண்டினாலே போதும் என்று அன்று இருந்தது, வெடித்ததும் கடலுக்கு மேலே. ஊர்களுக்கு மேல் உலோகம் விழுவதைப் பார்த்து வாய்பிளந்து ரசிக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த ராக்கெட்டை அவனைவிட நான் அதிகம் நேசிக்கிறேன். அதனால்தான் வரவில்லை.

கடைசியில், கிளம்பி ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், ஆஸ்திரேலியாவுக்கு மேற்கே இந்தியப் பெருங்கடலில் அந்தக் கப்பல் இறங்கியது. அடி கிழிந்து, மடல் எரிந்து, உடம்பெல்லாம் நிறம் மாறி, அப்படியும் நிமிர்ந்து, என்ஜின்களை எரித்து, மிதவையில் வைத்திருந்த கேமராவின் கண்ணெதிரே மெதுவாகத் தண்ணீரைத் தொட்டது. என் கண் நிறைந்துவிட்டது. பிறகு அது சாய்ந்து வெடித்தது. அது எதிர்பார்த்ததுதான், திரும்பக் கொண்டுவருவதாகவே யாரும் சொல்லவில்லை.

அண்ணன் எழுந்து சோம்பல் முறித்தார். "பார்த்தாயா, இதுவும் போய்விட்டது" என்று சொல்லிக்கொண்டே ரிமோட்டைப் பின்னால் ஓட்ட ஆரம்பித்தார்.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பதினோராவது பயணத்தைக் கைப்பேசியின் சின்னத் திரையில் தனியாகப் பார்ப்பது என்று அன்றே முடிவு செய்தேன்.

இன்னொன்று. அதற்கு முந்தின வருடம் வியாழனைப் பார்க்க வேண்டும் என்று என் தொலைநோக்கியை வாங்கிக்கொண்டு போனவரும் இதே அண்ணன்தான். ஒரு வாரம் என்றார். 2025 செப்டம்பர் 7 அன்று முழுச் சந்திர கிரகணமும் வந்துபோனது. அவசரத்தில் அவர் விட்டுவிட்டுப் போன முக்காலி மட்டும் என் மொட்டை மாடியில் மூன்று காலையும் விரித்துக்கொண்டு நிற்கிறது.