உறையைப் பார்க்காமல் கடிதத்தை எடை போடாதீர்கள்

முதல் உலகப் போரில் பிரான்ஸுக்குப் போன பிரிட்டிஷ் அண்ணன் தம்பிகளின் கடிதங்களை அருகருகே வைத்துவிட்டு, "அண்ணன் மனம்விட்டு எழுதுகிறான், தம்பி ஒப்புக்கு எழுதுகிறான்" என்று சிலர் தீர்ப்புச் சொல்கிறார்கள். படிக்கவே ஆற்றாமையாக இருக்கிறது.

அண்ணன் அதிகாரி, தம்பி சிப்பாய் என்றால் இரண்டும் ஒரே வழியில் வந்த கடிதங்களே அல்ல. சிப்பாய் உறையை ஒட்டாமல் கொடுக்க வேண்டும். அவனுடைய பிரிவு அதிகாரியே படித்து, ஊர்ப்பெயர், படை நகர்வு, சேதம் எதுவானாலும் அடித்துவிடுவார். மறுநாள் காலை யார் முகத்தில் விழிக்க வேண்டுமோ, அவர் படிப்பார் என்று தெரிந்தே எழுதிய வரிகள் அவை. அதிகாரியின் கடிதத்துக்கோ பெரும்பாலும் அவரே உறைமேல் போடும் கையெழுத்துதான் தணிக்கை. எப்போதாவதுதான் பின்தளத்தில் பிரித்துப் பார்ப்பார்கள்.

கவிஞர் வில்ஃப்ரெட் ஓவன் அதிகாரி. 1917 ஜனவரி 16 அன்று அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் எதையும் மறைக்கவில்லை. இரு படைகளுக்கும் நடுவே ஒரு பதுங்கு குழியில் 25 பேர் 50 மணி நேரம் அடைந்து கிடந்தது, ஓரிரண்டு அடித் தண்ணீர், அதற்குமேல் நாலடிதான் காற்று, காவலுக்கு நிறுத்திய பையன் குண்டு வெடிப்பில் பார்வை இழந்திருப்பான் என்ற அச்சம், எல்லாம் இருக்கிறது. அந்தக் குழியில் இருந்த சிப்பாய் இதையே எழுதியிருந்தால் எத்தனை வரி மிஞ்சியிருக்கும்?

ஆகவே முதல் வேலை வகை பிரிப்பது. அச்சடித்த களத் தபாலட்டையைத் தனியாக வையுங்கள். "நலமாக இருக்கிறேன்", "மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறேன்" போன்ற வரிகளில் வேண்டாததை அடித்து, கையெழுத்தும் தேதியும் போடலாம். வேறு ஒரு சொல் சேர்த்தாலும் அட்டையைக் கிழித்துவிடுவார்கள். அதை வைத்து ஒருவனின் மனநிலையைப் பேசவே கூடாது. 1915இல் வந்த பச்சை உறை வேறு ரகம். குடும்ப விஷயம் மட்டுமே என்று மேலே கையெழுத்திட்டால் சொந்த அதிகாரி படிக்கமாட்டார், பின்தளத்தில் பிரிக்கலாம். தம்பியின் உண்மையான குரல் வேண்டுமென்றால் அங்கே தேடுங்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டு உறையை எறிந்த குடும்பங்களில் இந்தத் தடயமே போய்விட்டது.

அடுத்து, யாருக்கு எழுதியது என்று பிரியுங்கள். அம்மாவுக்கு வந்ததை அம்மாவுக்கு வந்ததோடு மட்டும் ஒப்பிடுங்கள். அண்ணனும் தம்பியும் தங்களுக்குள் எழுதிக்கொண்டது கிடைத்தால் அதற்குத்தான் என் முதல் மதிப்பு. பிறகு தேதியைப் படைப்பிரிவின் போர் நாட்குறிப்போடு பொருத்துங்கள். லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவை டபிள்யூஓ 95 என்ற ஆவண வரிசையில் இருக்கின்றன. ஒருவன் முன்னணி அகழியிலும் மற்றவன் ஓய்விலும் இருந்த வாரத்தை வைத்துக் குணத்தை அளப்பது பெரிய அநியாயம்.

இவ்வளவு பார்த்தாலும் வீட்டுக்குள்ளேயே ஒரு தணிக்கை நடந்திருக்கும். ஓவனின் கடிதங்களில் பல வரிகளை மை பூசி மறைத்தது ராணுவம் அல்ல, அவருடைய தம்பி ஹெரால்டு. அதனால் அச்சுப் புத்தகத்திலோ அக்கா தங்கைகள் படியெடுத்த நோட்டிலோ நிற்காமல் மூலத்தாளைக் கேளுங்கள். அடித்திருந்தால், அது அகழியில் அடித்ததா வீட்டில் அடித்ததா என்று மையையும் பேனாவையும் பார்த்துக் குறித்துக்கொண்டு, அதன் பிறகு ஒப்பிட உட்காருங்கள்.