ஏலகிரி ஏற்றத்துக்கும் அந்த விதி உண்டு

தை மாதத்தில் புதுச்சேரி செல்லும் வேலூர் நண்பர்களுக்கு, ‘ஸ்கூபா (காற்று உருளையுடன் கடலுக்கடியில் நீந்துவது) முடித்ததும் விமானம்தான் ஏறக் கூடாது, மாலையிலேயே காரில் ஏலகிரிக்குப் போய்விடலாம்’ என்று சிலர் சொல்வது தவறு. கடலடிப் பாறைத் திட்டுகளின் இடுக்கில் களவா மீனையும் சிங்கமீனையும் பார்த்தபடி 18 மீட்டர் ஆழத்தில் இருக்கும்போது, அழுத்தம் கடல்மட்டத்தைப் போல் 2.8 மடங்கு, அங்கே மூச்சில் செல்லும் நைட்ரஜன் திசுக்களில் கரைந்து, மேலே வந்த பின்பும் மணிக்கணக்கில் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குச் சென்றால், சோடா மூடியைத் திறந்ததுபோல் அது குமிழிகளாகக் கிளம்பும். விமானமா, கொண்டை ஊசி வளைவா என்று உடம்பு பார்ப்பதில்லை. வழிகாட்டல்கள் சுமார் 600 மீட்டருக்கு மேற்பட்ட எந்த உயரத்துக்கும் இடைவெளி கேட்கின்றன. ஏலகிரியோ ஏறத்தாழ 1,100 மீட்டர். அந்தந்த ஆழத்துக்கான கால வரம்பை மீறாமல் ஒரே முறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை மூழ்கியவர் 18 மணி நேரமும் பொறுக்க வேண்டும். இந்தக் குமிழிகளால் வரும் மூட்டு வலி, மரத்துப்போதல் ஆகியவற்றைப் பயணக் களைப்பு என்றெண்ணித் தைலம் தேய்த்துப் படுத்துவிடக் கூடாது. ஆக்சிஜனும் உயர் அழுத்தச் சிகிச்சையும் தேவைப்படலாம். வந்தவாசி, ஆரணி வழியாக நேரே வேலூர் திரும்புவதில் இந்தச் சிக்கல் இல்லை. இரண்டும் வேண்டுமென்றால், மலையை முதலில் முடித்துவிட்டுக் கடலுக்குப் போகலாம்.