காய்ச்சல் வராவிட்டால் தடுப்பூசி பலிக்கவில்லையா?

ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி போட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வராவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்றும், வீங்கிய தொடையை எண்ணெய் தேய்த்து நீவினால் மருந்து உடலெங்கும் பரவும் என்றும் வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் முற்றிலும் தவறானது.

6, 10, 14 வாரங்களில் போடப்படும் இந்த ஊசியில் கக்குவான் இருமலை உண்டாக்கும் கிருமிகள் கொல்லப்பட்ட நிலையில் முழுமையாகச் சேர்க்கப்பட்டிருப்பதால், பல குழந்தைகளுக்கு ஓரிரு நாள் காய்ச்சலும் ஊசி போட்ட இடத்தில் வலியும் வருகின்றன. எனினும், காய்ச்சலே வராத குழந்தைக்கும் எதிர்ப்பாற்றல் உருவாகும் என்பதால், அதற்காக ஊசியை மறுபடி போட வேண்டியதில்லை.

நீவுவதால் வலிதான் கூடும். குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியை வைத்தால் போதும். காய்ச்சல் இருந்தால் பாரசிட்டமாலை மருத்துவர் அல்லது செவிலியர் சொன்ன அளவில், அதாவது ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை, கொடுக்கலாம். வதந்தியைவிடக் கவலைக்குரிய தவறு இங்கேதான் நேர்கிறது: பாரசிட்டமால் சொட்டு மருந்து அதன் சிரப்பைவிடப் பல மடங்கு செறிவானது என்பதால், ஒன்றின் அளவில் மற்றொன்றைக் கொடுக்கக் கூடாது. ஆஸ்பிரின் அறவே வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

வலிப்பு, மூச்சுத் திணறல், துவண்டுபோதல், 3 மணி நேரத்துக்கு மேல் ஓயாத அழுகை ஆகியவற்றில் எது தென்பட்டாலும் குழந்தையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.